காணிக்கைப் பாடலுக்கு ஓர் இயர்போன்

ஓர் இயர்போன் வாங்குவதற்காக மூன்று வாரம் காருக்குள் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தவன் நான். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேலையிடத்துக் கார் பார்க்கில் காவலுக்கு நின்ற நேப்பாளத் தம்பி கண்ணாடியைத் தட்டி, எனக்கு உயிர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த விஷயம் மறுநாளே கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. இனி மறைத்து லாபமில்லை. கண்ணை மூடி, வாயை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு காதிலிருந்தும் வயர் தொங்க, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தேன். பாவம், அவர் வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். நான் ஒரு விரலைத் தூக்கி, "கொஞ்சம் இரு, வயலின் வருது" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. விரல் அசைந்ததே போதும் என்று போய்விட்டார்.

எனக்கு வேலை ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் கியூசி பிரிவில். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது சொட்டு விழுகிறதா என்று இரண்டு நிமிடம் வெறித்துப் பார்க்க வேண்டும். விழுந்தால் ரிஜெக்ட். விழாவிட்டால் பாஸ். இருபது வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேதான் வீட்டுக் கடனைக் கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். ரெம்பியா பக்கம் எங்கள் சின்ன சர்ச்சில் ஒலி மிக்ஸர் முன்னால் நிற்பது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒருநாள் மைக் கூவியது, நான் ஓடிப்போய் ஒரு பட்டனைத் திருகினேன், கூவல் நின்றது. அன்றிலிருந்து நான் 'சவுண்டுக்காரர்'. எந்தப் பட்டனைத் திருகினேன் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் அவ்வளவு பட்டன்களுக்குப் பின்னால் நின்றால் மனிதனுக்குத் தானாக ஒரு மிதப்பு வந்துவிடும்.

எங்கள் பாடகர் குழுவில் தனிப்பாடல் பாடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். பத்து வயதிலிருந்து பாடுகிறாள். குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை எல்லாம் அவள் நிற்கும் இடத்தில். அவளுக்கு இடது பக்கம் இரண்டடியில் டிரம் செட். வாசிப்பவர் லோரி ஓட்டுகிற அண்ணன். லோரி ஓட்டுவது போலவேதான் வாசிப்பார், பிரேக் கிடையாது. டிரம்மை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்றால், எங்கள் சர்ச்சின் அளவுக்கு, ஒன்று பீடத்தின் மேல் ஏற வேண்டும் அல்லது கழிவறைக்குள் போக வேண்டும்.

குருத்து ஞாயிறு அன்று அவளுக்குச் சுருதி விலகிவிட்டது. கீபோர்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பாட்டு முடியும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டோ சைக்கிள் போகலாம். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அது போதாதா?

பூசை முடிந்ததும் குழுவை நடத்தும் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், கோபமே வராது. அதனால் அவர் எதையாவது சொன்னால் பயமாக இருக்கும்.

"திருவிழாப் பூசைல காணிக்கைப் பாட்டு நீயே பாடும்மா. அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா, அப்பறம் நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காத."

"சரி மாஸ்டர்" என்றாள். பிறகு வெளியே வந்து, என் காருக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். என் கார் என்பது அவளுக்குத் தெரியாது. நான் உள்ளேதான் இருந்தேன். இறங்கினால் அவளுக்குச் சங்கடம், இறங்காவிட்டால் எனக்குச் சங்கடம். கடைசியில் இறங்கினேன்.

"என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது அங்கிள்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "டிரம் மட்டுந்தான் கேக்குது. நான் எங்க பாடுறேன்னே தெரியல."

"இவ்ளோதானா? நான் பாத்துக்கிறேன். நீ கவலைப்படாம போம்மா" என்றேன். என் வாழ்க்கையில் எல்லாத் துன்பங்களும் இந்த 'நான் பாத்துக்கிறேன்' என்ற இரண்டு சொல்லில்தான் தொடங்கியிருக்கின்றன.

திட்டம் எளிது. மேடைப் பாடகர்கள் காதில் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி ஒன்று. மிக்ஸரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து நீள வயர், வயரின் முனையில் இயர்போன். காது நன்றாக அடைத்துக்கொள்ளும். டிரம் வெளியே நின்றுவிடும். அவள் குரலும் கீபோர்டும் மட்டும் உள்ளே வரும். வயர் இல்லாத சாமான் ஆகாது. அதில் குரல் ஓர் இமைப்பொழுது தாமதித்து வரும், பாடுகிறவர் தன் எதிரொலியோடு சண்டை போட வேண்டியிருக்கும். சும்மா கடைத்தெருவில் தொங்குகிற வயரும் ஆகாது. உயர்ந்த ரகமாக வேண்டும். இதையெல்லாம் நான் மனைவியிடம் விளக்கியபோது, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அதான, உங்களுக்கு ஒரு இயர்போன் வாங்கணும். அதுக்கு ஒரு புண்ணிய காரியம் தேவப்படுது" என்றாள். விலையை இங்கே எழுதவில்லை. அவள் இதைப் படிப்பாள்.

பாச்சாங்கில் ஒரு மாடிக் கடை. ஒலிச் சாமான்கள் மட்டும் விற்கும் சீனர் கடை. கடை முதலாளியான தவுக்கேயின் அப்பா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அதனால் அவர் பேசும் தமிழ், மரத்தில் பால் வெட்டின காலத்துத் தமிழ். என் பிள்ளைகளுக்கு அது புரியாது.

"வாங்கண்ணே. குந்துங்க" என்பார்.

பழைய வாடிக்கை என்பதால் டெமோ சாமான்களை வாரத்துக்கு இரண்டு மூன்று என்று வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார். மொத்தம் எட்டு இயர்போன். நான் தொழிற்சாலையிலிருந்து கியூசி படிவத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். மேலே 'கையுறை வகை' என்று இருந்ததை அடித்துவிட்டு 'இயர்போன்' என்று எழுதினேன். கீழே பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்று கட்டம். சோதனைக்கு ஒரு பழைய பாட்டு. இடது பக்கம் வயலின், வலது பக்கம் தபலா, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு இழுக்கும் ஒரு சின்னச் சத்தம். அந்த மூச்சு கேட்டால்தான் பாஸ்.

ஒன்றாம் நம்பர்: பேஸ் என்றால் அப்படி ஒரு பேஸ். பாட்டு கேட்கிற மாதிரி இல்லை, யாரோ வாசல் கதவை இடித்துப் பாக்கி கேட்கிற மாதிரி இருந்தது. ரிஜெக்ட். இரண்டாம் நம்பரில் 'ச' வருகிற இடமெல்லாம் பல்லில் மணல் கடிபட்டது. ரிஜெக்ட். மூன்றாவது அருமை, ஆனால் வயர் சட்டையில் உரசினால் காதுக்குள் எலி ஓடியது. ரீவொர்க். நான்காவது காதுக்குள் போகவே இல்லை. அது காதுக்குச் செய்ததா பம்புக் குழாய்க்குச் செய்ததா என்று தவுக்கேயிடமே கேட்டேன். ஐந்தாவது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது, இரவுச் சாப்பாட்டின்போதும் கழற்றவில்லை. மனைவி ரசத்தை நேராகத் தட்டுக்கு வெளியே ஊற்றி என் கவனத்தைத் திருப்பினாள். ஆனாலும் ரிஜெக்ட். அதில் எல்லாப் பாட்டும் அழகாகக் கேட்டது. சுருதி தவறினால்கூட அழகாகத்தான் கேட்கும். பாடுகிறவளுக்குப் பொய் சொல்லாத சாமான் வேண்டும் அல்லவா? இந்த ஒரு விஷயத்தில் நான் புத்திசாலி. பதிவு செய்துகொள்ளுங்கள், இதற்குப் பிறகு சந்தர்ப்பம் வராது.

ஏழாவதுதான் அது. பொட்டுக்கடலை மாதிரி ஒரு ஸ்பீக்கரும் கடுகு மாதிரி நான்கும் அந்தச் சின்ன ஓட்டுக்குள் இருந்தன. வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டால் எலி ஓடாது. காருக்குள் போட்டுக் கேட்டேன். வயலின்காரர் வில்லைத் திருப்புகிற இடம் தெரிந்தது. தபலாவில் விரல் எங்கே, உள்ளங்கை எங்கே என்று தெரிந்தது. மூச்சு கேட்டது. அந்த அம்மா மூச்சு இழுத்தபோது நானும் இழுத்தேன். அந்த நேரம்தான் நேப்பாளத் தம்பி கண்ணாடியைத் தட்டினார்.

கடையில் படிவத்தை நீட்டினேன். தவுக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார்.

"யாருண்ணே போடப் போறது?"

"சர்ச்ல ஒரு பொண்ணு. பாடுற பொண்ணு."

"அந்தப் பொண்ணு காது எங்க?"

"அது சர்ச்லதான் இருக்கும்."

"கூட்டியாங்க லா. பொண்டாட்டிக்குச் சப்பாத்து வாங்குறப்ப, கால வீட்ல விட்டுட்டா வருவீங்க?"

"அவளுக்கு ஷிஃப்ட் டூட்டி தவுக்கே. அதோட, சொல்லாம கொண்டுபோய்க் குடுக்கணும். எல்லா சைஸ் ரப்பர் முனையும் டப்பாவுல வந்துருமே?"

"வரும். காதுல போய் உக்காருறது டப்பாவுல வராது" என்றார். நான் அதை ஒரு சீனப் பழமொழி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

காதின் அளவையும் நான் எடுக்காமல் இல்லை. அடுத்த ஞாயிறு மிக்ஸர் பக்கத்திலிருந்து அவள் காதையே பார்த்து, நடுத்தரம் என்று முடிவு செய்தேன். மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்து, "பூசைல எங்க பாக்குறீங்க?" என்றாள். "காத" என்றேன். அந்தப் பதில் நிலைமையைச் சரிசெய்யவில்லை.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஒத்திகை. டப்பாவைத் திறந்து நீட்டியபோது அவள் முகம் மாறிய விதத்தை நான் மறக்க மாட்டேன். "ஐயோ அங்கிள், இது எதுக்கு?" என்றாள். நானே மாட்டிக்கொள்ளும் முறையைக் காட்டிக்கொடுத்தேன், வயரைச் சட்டைக்குப் பின்னால் குத்திவிடச் சொன்னேன். லோரி அண்ணன் வழக்கம்போல் ஹைவேயில் ஏறினார்.

"தொண்டைய வேஸ்ட் பண்ணாதம்மா. சும்மா மொணங்கிப் பாரு, போதும்" என்றேன். இந்த அறிவுரையைக் கொடுத்ததும் நான்தான்.

அவள் முணுமுணுத்தாள். கண்கள் விரிந்தன. "கேக்குது அங்கிள்! எனக்கே கேக்குது! டிரம் பக்கத்து வீட்ல வாசிக்கிற மாதிரி இருக்கு."

மாஸ்டர் கீபோர்டிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தார். "தம்பி, இது நாளைக்கும் வேலை செய்யுமா?"

"மாஸ்டர், எட்டு சாமான டெஸ்ட் பண்ணி ஏழ ரிஜெக்ட் பண்ணியிருக்கேன். ஃபார்ம் இருக்கு, காட்டவா?"

"வேணாம் வேணாம்" என்றார்.

ஞாயிறு காலை சர்ச் நிரம்பிவிட்டது. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். மழை வருவதற்கு முன்னால் இருக்கும் புழுக்கம். தகரக் கூரை, பட்டுச் சேலைகள், மல்லிகைப்பூ, எண்ணூறு கைவிசிறிகள். விசிறிகள் என்று தோன்றியவை உண்மையில் பாட்டுத் தாள்கள்தான். காணிக்கை நேரம் வந்தது. அவள் தூண் ஓரத்தில் தன் இடத்தில் நின்றாள். நான் மிக்ஸரில் விரலை வைத்தேன். மனைவி எனக்குப் பக்கத்தில்.

பல்லவி அருமை. முதல் சரணம் அருமை. சுருதி ஆணி அடித்த மாதிரி நின்றது. மாஸ்டரின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். மனைவியிடம், "பாத்தியா?" என்று கண்ணால் கேட்டேன்.

இரண்டாம் சரணத்தில் பாட்டு மேலே போகிறது. 'ஆ' என்று நீளமாக இழுக்க வேண்டிய இடம். அவள் வாயை முழுவதும் திறந்தாள். உடனே அவள் கை இடது காதுக்குப் போனது. அழுத்தினாள், விட்டாள், மறுபடியும் அழுத்தினாள். குரல் லேசாக ஆடியது. முன்வரிசை ஆட்கள் நிமிர்ந்தார்கள்.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் சத்தத்தைக் கூட்டினேன். இடது காதில் சாமான் கழன்று தொங்குகிறது, வலது காதில் மட்டும் என் உபயத்தால் கீபோர்டு குண்டு போட்டது. அவள் முகம் சுளித்தது. நான் பதறி இறக்கினேன். இப்போது இரண்டிலும் ஒன்றுமில்லை. மாஸ்டர் கீபோர்டுக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார். அவளைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் என் காதில் என் விரலை விட்டுக்கொண்டு, சத்தம் வராமல் 'ஆ' என்று வாயைத் திறந்து பார்த்தேன். விரலுக்கு அடியில் காதுக் குழாய் அசைந்தது! வாயைத் திறந்தால் தாடை இறங்குகிறது, தாடை இறங்கினால் காதுக்குள் வழி விரிகிறது, அடைப்பு விட்டுப்போகிறது. பாடுகிறவள் வாயைத் திறக்காமல் எப்படிப் பாடுவாள்? ஊசிமுனை ஓட்டையைத் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடிக்கிற நான், இந்த ஓட்டையை மூன்று வாரமாகப் பார்க்கவில்லை.

"ஏங்க, காத ஏன் கொடையுறீங்க?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"வாயத் தொறந்தா கழண்டுருதும்மா. நான் வாய மூடிக்கிட்டே டெஸ்ட் பண்ணிட்டேன்."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "வீட்ல ஒரு நாளாச்சும் அப்படி மூடியிருந்தா எனக்குப் பிரயோசனமா இருந்திருக்கும்" என்றாள்.

இதற்குள் அங்கே ஒன்று நடந்தது. அந்தப் பெண் இரண்டு இயர்போனையும் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். வலது உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, உடம்பைக் கீபோர்டு பக்கம் திருப்பினாள். இடது கையைப் பின்னால் நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கி மெதுவாக அசைத்தாள். சாலையில் ஒரு மாடு நின்றால் எதிரே வருகிற வண்டிக்குக் காட்டுவோமே, அந்த சைகை. லோரி அண்ணனுக்கு எந்த இசை மொழி புரியாவிட்டாலும் அது புரியும். கியரை இறக்கினார். குச்சிகள் டிரம்மின் விளிம்புக்கு வந்தன. பிறகு அதுவும் நின்றது.

மூன்றாம் சரணத்தை அவள் கீபோர்டோடு தனியாகப் பாடினாள். வியர்வை கழுத்தில் வழிய, வாயை நன்றாகத் திறந்து பாடினாள். கைக்குழந்தைகள் அழுதன, யாரோ இருமினார்கள், ஆனால் அவள் தன் குரலைப் பிடித்துக்கொண்டுவிட்டாள் என்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது. பாட்டு முடிந்து மாஸ்டர் கடைசி சுரத்தைக் கீபோர்டில் தொட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கொசுகூடப் போக முடியாது.

பூசைக்குப் பிறகு பின்பக்கக் கூடாரத்தில் மீகூன் சேமியாவும் தே தாரிக் டீயும். மாஸ்டர் அவளிடம் வந்து, "கிறிஸ்மஸ் பாட்டுக்கு இப்பவே பழக ஆரம்பிம்மா. டிரம் எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு, அவன் கேப்பான்" என்றார். வேறு ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு என் பக்கம் வந்தார். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டில் என்ன இருந்தது என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

அவள் டப்பாவோடு என்னிடம் வந்தாள். வயரை அழகாகச் சுற்றி, ரப்பர் முனைகளை டிஷ்யூவால் துடைத்து உள்ளே வைத்திருந்தாள். நர்ஸ் அல்லவா.

"நீங்களே வெச்சுக்கங்க அங்கிள். ரொம்ப நல்ல சாமான். எனக்கு ஒத்துவரல."

நான் தாடையைப் பற்றி, காதுக் குழாயைப் பற்றி, பெரிய சைஸ் ரப்பரைப் பற்றி, பஞ்சு முனையைப் பற்றி, காதை அச்செடுத்துச் செய்து தரும் வகை ஒன்று இருக்கிறது என்பதைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் மீகூன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். நெற்றியில் இன்னும் வியர்வை காயவில்லை.

"தாடையெல்லாம் அப்பறம் அங்கிள்" என்றாள். "அந்தத் தூண் ஓரத்துல காத்தே வராது, அஞ்சு வருஷமா வேர்த்து ஊத்துது. வேர்வைலதான் அது வழுக்கிக்கிட்டே போச்சு. இதுக்குப் போட்ட காசுல ஒரு ஃபேன் வாங்கி மாட்டியிருக்கலாம் லா."